பஞ்சசார

அணக்கரையில் பல் முகாம் என்றார்கள்.
லித்திகாவை மடியில் வைத்து
ஜீப்பிலேயே மலை ஏறினேன்.

டாக்டரம்மா மேலுதட்டை மெல்லத் தூக்கினாள்,
ஏலத்தூரில் தழை விலக்கிக் காய் பார்ப்பதுபோல.
முன்பல் நாலு. நாலும் பழுப்பு.

"புட்டிப்பாலில் பஞ்சசார உண்டோ?"

அந்தச் சொல்லை நான் டீக்கடையில் கற்றேன்,
சாயாவில் குறைக்கச் சொல்வதற்கு.

உண்டு டாக்டர்.
விடிகாலை நாலரைக்குக் கம்பத்தில் ஹாரன் அடிக்கும்.
அவள் விழித்தால் முந்தானையை விடமாட்டாள்.
இரண்டு கரண்டி போட்டால்
வாயில் புட்டியோடு தூங்குவாள்,
அன்றைய கூலி நிற்கும்.

இருமல் மருந்தும் இனிப்புதான்.
ஈறோரம் முதலில் ஒரு வெள்ளைக் கோடு;
பாலாடை என்று விரலால் துடைத்தேன்.
போகவில்லை.
பறிப்புக் காலம், மறந்துவிட்டேன்.

"அம்மேடெ பல்லும் காணட்டே."

வாயை இறுக்கிக்கொண்டேன்.
கடைவாயில் எனக்கு மூன்று குழி.
கஞ்சி ஆறியதா என்று நான் சப்பிப் பார்த்த கரண்டிதான்
அவளுக்கும் ஊட்டியது.
அதையுமா கேட்பார்கள்?

அன்று ராத்திரி புட்டியில் வெறும் தண்ணீர்.
ஒரு மிடறு குடித்தாள்.
என்னைப் பார்த்தாள்.
புட்டி சுவரில் பட்டு உருண்டது.
பவுன்ராசு எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தான்.
எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

நாலரைக்கு ஹாரன்.
இடுப்பில் அவள், கண் கொட்டாமல்.
மாமியாரின் கை நீண்டது, இவள் போகவில்லை.
டிரைவர் இரண்டாம் தடவை அடித்தான்.

சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் என்று
என் கைக்குத் தெரியும்,
இருட்டிலும்.