வந்த நேரம்

நேற்றிரவு எங்கள் தீவில்
கடிகாரங்கள் ஒரு மணி பின்னுக்குப் போயின.
எதிர்க்கரையில் போகவில்லை,
அந்த வழக்கத்தை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
சீமித் துறையில் நாற்காலிகளை
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள்.
துறைமுகப் போலீஸ்காரன் சனிக்கிழமையே முத்திரை குத்திவிட்டான்.
"குளிர்காலம் முழுக்க அங்கேதானா, கலிரோயி?"
படகு மட்டும், என்றேன்.

படகு ஒன்பது மீட்டர், பெயர் அல்மீரா.
உப்புக்கரிப்பு என்று பொருள்.
பாய்மரம் இறக்கிக் கரையேற்ற வேண்டும்.
துன்ஜாய் எழுதியிருந்தான்:
ஞாயிறு. பதினொன்று. தத்சா படகுத்துறை.
யாருடைய பதினொன்று என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

கோடை முழுக்க நெஞ்சில் கைவைத்துத் தள்ளிய வடகாற்று
(நாங்கள் மெல்தெமி என்போம்,
அவர்கள் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு மெல்தெம் என்பார்கள்)
பத்து நாளாக ஆளைக் காணோம்.
இன்று தெற்கிலிருந்து ஒன்று,
சட்டையின் பின்பக்கத்தைத் தொட்டுத் தொட்டு
பாதி தூரம்வரை வந்தது.
பிறகு அதற்கும் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

இஞ்சினை உசுப்பினேன். இருமியது.
சூடு முள் சிவப்புக்கு ஏறியது.
அணைத்துவிட்டுத் தரைப்பலகையைத் தூக்கினேன்.
தண்ணீர் உறிஞ்சும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பை.
கம்பியால் குத்திக் குத்தி இழுத்து
எந்தக் கரைக் கடையுடையது என்று பார்த்தேன்,
திட்டுவதற்காக.
எழுத்து அழிந்திருந்தது.

அதுவரை படகு சும்மா கிடந்தது.
கடலில் சும்மா கிடப்பதும் போவதுதான்.
திரையில் புள்ளிக்கோடு,
அதன்மேல் அல்மீரா ஒரு சின்ன அம்புமுனை,
ஓரம் தைக்கும் ஊசியாக
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
துருக்கிக்கு நல்வரவு என்றது கைபேசி. 11.04.
கிரேக்கத்துக்கு நல்வரவு. 10.06.
துருக்கிக்கு நல்வரவு. 11.09.
போய்விட்ட பதினொன்று.
இன்னும் வராத பதினொன்று.
நாற்பத்தாறு வயதில், முழங்கைவரை கிரீஸோடு,
ஒருத்தியே தாமதமாகவும் சீக்கிரமாகவும்
உட்கார்ந்திருந்தேன்.
சிரிப்பு வந்தது. பார்க்க ஒரு நீர்க்காகம்கூட இல்லை.

இஞ்சின் பிடித்துக்கொண்டது.
கைக்கடிகாரத்தை அவன் நேரத்துக்குத் திருகினேன்.
வலப்பக்கக் கயிற்றில் பிறைக்கொடி.
போன வருடத்துக் கொடி வெயிலில் ரோஜா நிறமாகியிருந்தது,
இதற்கு அபராதம் போடுவார்கள் என்று பயமுறுத்தியவனும்
புதியதை மடித்துக் கொடுத்தவனும் அவனே.
கீழே மஞ்சள் கொடி:
இந்தப் படகில் நோயில்லை, உள்ளே விடுங்கள்.
ஏற்றுமுன் ஒருகணம் யோசித்தேன்.
ஏற்றினேன்.

தத்சாவில் 11.55.
துறையில் யாரும் இல்லை,
வலையில் சிக்கிய சிப்பிகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்த
ஒரு பையனைத் தவிர.
அவனே கயிற்றை வாங்கிக் கட்டினான்.
துன்ஜாயா? வரவில்லையே என்றான்.
போயிருப்பான். ஒரு மணி நேரம் யார் நிற்பார்கள்.
கைகளை மறுபடி கழுவினேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்குப் பள்ளிவாசல் சரிவில்
தோளில் ஏணியோடு இறங்கி வந்தான்.
"ஐந்து நிமிடம் முன்னாடியே வந்துட்டியே," என்றான்,
குறை சொல்வதுபோல.
இரவு படுக்கும்போதே தன் கடிகாரத்தை
எங்கள் தீவுக்குத் திருப்பி வைத்திருந்தானாம்.
மணிக்கட்டை நீட்டினான். பதினொன்று.
நான் என்னுடையதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்,
எதற்கென்று தெரியாமல்.

அலுவலகத்தில் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகு காட்டி
அதிகாரி படிவம் நிரப்பினார்.
படகின் பெயர். நீளம். ஆட்கள் ஒன்று.
"வந்த நேரம்?"
பதினொன்று என்றான் அவன்.
பன்னிரண்டு என்றேன் நான்.
அவர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் பார்த்தார்.
பிறகு எதையோ எழுதினார்.
தலைகீழாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

முத்திரை விழுந்ததும் மஞ்சள் கொடியை இறக்கிவிட வேண்டும்.
அதுதான் சட்டம்.
ஏணி, திருகாணி, பாய்மரம் என்று பேசிக்கொண்டே போனதில்
இருவருமே மறந்துபோனோம்.
இருட்டும்வரை அது
அனுமதி கேட்டபடியே பறந்துகொண்டிருந்தது.