பத்தாம் கேள்வி

அஜ்லூன் சரிவில் பதினேழாவது வீடு.
எட்டாம் கேள்வி:
உதடா, அண்ணமா, இரண்டுமா?

அண்ணம் என்கிறான் மிக்தாத்,
நகமெல்லாம் டயர்க் கரி.
இர்பிதில் தைத்தாயிற்று, போன நோன்புக்கு முன்னால்.

லுஜைனுக்கு நாலு வயது.
பா எழுத்துக்கு உதடு கூடுகிறது,
காற்று மூக்கால் நழுவிவிடுகிறது.
யாபா என்று அப்பனைக் கூப்பிட்டால்
யாமா என்று விழுகிறது.
அடுப்படியில் அம்மா திரும்புவதேயில்லை.
எந்த யாமா யாருக்கென்று
அவளுக்குத் தெரியும்.
மிக்தாத்தான் எழுந்து போகிறான்,
தண்ணீர் மொண்டு கொடுக்கிறான்.

ஒன்பது: பெற்றோர் உறவா?
சித்தப்பா மகள் என்றான்,
தரையைப் பார்த்து.

பத்து: பேச்சு பிறருக்குப் புரிகிறதா?
இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

வாசலில் லுஜைன் கதவைத் தட்டிக் காட்டி
மாம் என்றாள்.
பாப். கதவு.
சாத்திவிட்டுப் போ என்கிறாள்.

சாத்தினேன்.
படியில் நின்று படிவத்தைப் பிரித்தேன்.
பேனாக் குறி. அழியவில்லை.