பதினேழு கிலோ

மாசி கடைசி வெள்ளியன்று பழைய எஞ்சின் நின்றுபோனது,
காவேரிப்பாக்கம் ஏரிக்கு நட்டநடுவில்.
காற்றும் அதோடு பேசிவைத்துக்கொண்டது போல நின்றது.
பாய் ஈர வேட்டியாய்த் தொங்க
கௌஸ் பாஷா கயிற்றை நாற்பத்தோரு முறை இழுத்தார்.
எண்ணியது நான்.
நாடி, சொட்டு, மூச்சு என்று
எதையாவது எண்ணியே பழகிவிட்டது.
அப்புறம் துடுப்பு.
கலங்கலைக் குறிபார்த்துக் கரை தொட்டபோது
நெடுஞ்சாலை லாரிகள் விளக்குப் போட்டிருந்தன.

படகு எங்கள் மூவருடையது.
கௌஸ் மேல்விஷாரத்தில் ஷூவுக்குத் தோல் வெட்டுகிறவர்,
பாய் கிழிந்தால் அவர் தைத்த இடம் தெரியாது.
தயாநிதி ராணிப்பேட்டையில் வெல்டர்.
நான் வேலூரில் நர்ஸ், இருபத்திரண்டு வருட இரவுப் பணி.
பதினாலடிப் படகை ஏலத்தில் எடுத்தோம்,
பழைய ஸ்கூட்டர் விலைக்கு.
எங்களில் யாரும் கடலோரத்தில் பிறக்கவில்லை.
பாலாற்றை மணலில் நடந்தே கடந்தவர்கள்.

தயாநிதிக்கு ஐந்து குதிரைசக்தி வேண்டும்.
"எதிர்காத்து அடிச்சா இன்னா பண்ணுவ?"
"ஏரிதானே, எங்கே போய்விடுவோம்" என்றேன்.
கௌஸுக்குக் காசிமேட்டு டூ ஸ்ட்ரோக்கில் ஆசை:
பாதி விலை,
எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான்.
மீன் குத்தகைக்காரர் ஏகாம்பரம்
கரையில் நின்று ஒரே வார்த்தை சொன்னார்:
"எண்ணெ மெதந்துதுன்னா உங்க போட்டு மெதக்காது."
டூ ஸ்ட்ரோக் அத்தோடு முடிந்தது.
பேட்டரி மோட்டாருக்குச் சத்தமில்லை, புகையில்லை.
பேட்டரி மட்டும் முப்பது கிலோ.
அதைப் பற்றி அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

தயாநிதி பின்பலகையை மூன்று தடவை அளந்தான்,
மூன்று தடவையும் வேறு வேறு.
தண்டு நீளமானால் வைகாசியில் சேற்றை உழும்.
குட்டையானால், நாங்கள் முன்பக்கம் நகர்ந்தாலே
விசிறி வெறும் காற்றைக் கடையும்.
ஒரு ஞாயிறு முழுக்க இதுதான் பேச்சு.
டீ ஆறிப்போனது.

காட்பாடி ரோட்டில் ஒரு பம்ப்செட் கடை.
பாலாறு பெருக்கெடுத்த வருடம்
மீட்புப் படகுகளுக்கென்று எஞ்சின்கள் வரவழைத்தார்களாம்.
லாரி வந்து சேர்வதற்குள் வெள்ளம் வடிந்துவிட்டது.
இரண்டு இன்னும் நிற்கின்றன,
உறை பிரிக்காமல், மாப்பிள்ளை வராத மணவறை போல.
கடைக்காரர் ஆண்களிடமே பேசினார்:
குதிரை, லிட்டர், வாரண்ட்டி.
"எத்தனை கிலோ?" என்றேன்.
பெரியது இருபத்தேழு. சின்னது, இரண்டரைக் குதிரை, பதினேழு.
குனிந்து சின்னதைத் தூக்கினேன்.
"இன்னாம்மா, பூசணிக்காயா, தூக்கிப் பாக்கறதுக்கு?"

எழுபது கிலோ ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்த தோள் இது.
இப்போது ஈரத்துண்டைப் பிழியவும் யோசிக்கிறது.
எஞ்சினைக் கரையில் விட்டால் மறுநாள் இருக்காது.
ஏற்றவேண்டும், ஏரிக்கரை மேல் ஏறவேண்டும், இறங்கவேண்டும்.
"மூணு பேர் இருக்கோமே சிஸ்டர்" என்றான் தயாநிதி.

செவ்வாய்க் காலைகளில்,
இரவுப் பணி முடிந்து, தூங்கப் போகுமுன்
நான் தனியாகப் பாய் விரிக்கிறேன் என்பதை
அந்தக் கடையில், மோட்டார்களுக்கு நடுவில்தான் சொன்னேன்.
ஒன்றரை வருடமாக.

ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.
கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைத் தேடினார்.
"ஜாக்கெட் போட்டுக்கறியா?" என்றான் தயாநிதி, கோபமாக.
போட்டுக்கொள்வேன் என்றேன். பாதி பொய்.

சின்னதையே வாங்கினோம்.
தயாநிதி வீட்டு வாசலில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி
ஓட்டிப் பார்த்தான். இரண்டாவது இழுப்பில் பிடித்தது.
தெருப்பிள்ளைகள் நனைந்தார்கள்.
குதிரைசக்தி போதாதென்று இன்றைக்கும் முணுமுணுக்கிறான்,
எதிர்காற்றில் அவன் சொல்வது சரிதான்.

திங்கள் இரவு, வார்டுக்குக் கிளம்பும்போது
கௌஸ் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.
எருமைத்தோலில் இரட்டைத் தையல் போட்ட தூக்குபட்டை,
இரண்டு பித்தளைக் கொக்கிகளோடு.
எந்தத் தோள் என்று என்னை அவர் கேட்டதே இல்லை.
இடதுக்குத் தைத்திருந்தார்.