வாழ்க்கைக் குறிப்பு, நான்கு பக்கங்களுக்கு மிகாமல்

என் குழந்தையை நான் தத்தெடுப்பதற்கு
நான் யாரென்று
நான்கு பக்கத்துக்குள் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

பெயர் வீப்கே. வயது முப்பத்தெட்டு.
ஃபிளென்ஸ்பர்க் துறைமுகத்தில்
படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறேன்.
மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்: இதயம் சீர்.
காவல்துறைச் சான்றும்: குற்றம் ஏதுமில்லை.
ஒரே ஒரு முறை வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினேன்,
இம்கேவுக்குப் பனிக்குடம் உடைந்த இரவில்.

அதற்கு முந்தைய பிப்ரவரியில் ஹென்னிங்
ஜாம் புட்டியைக் கம்பளிக் காலுறைக்குள் சொருகி
சட்டைக்குள் வைத்து
சைக்கிள் மிதித்து வந்தான்.
சூடு ஆறக் கூடாதாம்.
வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு
"காலுறை மட்டும் திரும்ப வேணும்" என்றான்.
இதை எழுதலாமா, தெரியவில்லை.

பதிவு அலுவலகத்தில்
தாய்: இம்கே.
அடுத்த கட்டத்தில் ஒரு சிறு கோடு.
எழுத்தர் நல்ல மனிதர்,
கணினிதான் போடுகிறது என்றார்.
லெவ்கே என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்,
என் காலர் முழுக்க எச்சில்.

ஹென்னிங் வந்திருந்தால்
பத்து நிமிடம், ஒரு கையெழுத்து.
அவன் வீட்டில் எத்தனை அறையென்று
யாரும் எண்ணப் போவதில்லை.

எங்கள் வீட்டை எண்ணினார் டிரையர் அம்மையார்.
காபி வேண்டாமென்றார், பிறகு குடித்தார்.
"இரவில் அழுதால் யார் எழுவீர்கள்?"
இருவரும் என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம்.
இம்கே சொன்னாள்:
"இவள்தான். இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது."
அவர் குறித்துக்கொண்டார்.

மார்ச்சில் இம்கேவுக்கு நிமோனியா.
மூன்று இரவு அவள் மூச்சை எண்ணினேன்.
நின்றுபோனால்
அடுத்த அறையில் கிடப்பவள்
யாருடைய பிள்ளை?
எண்ணிக்கை தப்பும்போதெல்லாம்
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

நோட்டரி பன்னிரண்டு பத்திகளை
உரக்க வாசித்தார்.
தான் விட்டுக்கொடுப்பது என்னவென்று
ஹென்னிங் தலைகுனிந்து கேட்டான்.
அவன் பேனா எழுதவில்லை.
மசகு படிந்த என் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டான்.
படியிறங்கும்போது மெல்லக் கேட்டான்,
"ஞாயிற்றுக்கிழமை வரலாம்தானே?"
"சூப் பன்னிரண்டு மணிக்கு" என்றாள் இம்கே,
"ரொட்டி நீ வாங்கி வா."

லெவ்கேவை எனக்கு எப்போதிலிருந்து தெரியும்
என்பது உங்கள் ஒன்பதாம் கேள்வி.
கொடியை வெட்டியது நான்.
தடித்த ரப்பர் குழாய்கள் அறுத்துப் பழகிய கைதான்,
இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது.

மூன்றாம் பக்கத்தோடு தீர்ந்துவிட்டது என் வாழ்க்கை.
நான்காவதில் அவள்
கேரட் மசியலோடு கையை ஊன்றிவிட்டாள்.
நகலில் அது சாம்பல் நிறமாக விழுந்திருக்கிறது.
அதையும் இணைத்துள்ளேன்.