வால் வைத்த சுழி

தை பிறந்து பதினொரு நாள்.
கெடிலம் இன்னும் வடியவில்லை.
மஞ்சக்குப்பத்தில் எங்கள் அலுவலகப் படியோரம்
நனைந்த செருப்புகள் கவிழ்ந்து கிடக்கின்றன.
காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார் டிவிக்காரர்:
"நூறு வருஷத்தில் இல்லாத மழைன்னு போட்டுடலாமா மேடம்?"

பொறுங்கள் என்றேன்.
அந்த நூறு வருஷம்
இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில்
பதினேழு கட்டுகளாய் இருக்கிறது.
ஒன்பதாவது கட்டின் சணல் முடிச்சை
அஞ்சலாட்சி பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அங்குலமும் சென்ட்டுமாய்ப் பெய்திருக்கிறது அந்த மழை.
இருபத்தைந்து புள்ளி நான்கால் பெருக்கினால்
மில்லிமீட்டராகி நம் காலத்துக்கு வந்துவிடும்.
சனவரிப் பக்கங்களில் பெரும்பாலும் சுழி.
சுழி, சுழி, சுழி,
எப்போதாவது நாலு சென்ட்,
காயப்போட்ட மிளகாயை அள்ளி உள்ளே வைக்கும் அளவுக்கு.
சுழியை எதால் பெருக்கினாலும் சுழி என்பதால்
மதியத்துக்குள் முப்பது சனவரிகளை முடித்துவிட்டேன்.

மழைமானி பார்ப்பவர்: செ. ராயப்பன்.
அவருடைய சுழிக்குக் கீழே சின்னதாய் ஒரு வால்.
அவர் விடுப்பில் போன நாட்களில்
வாலில்லாத சுழி.

பிறகு இந்தப் பக்கம்.
ஆண்டு இருந்த மூலையைப் பூச்சி தின்றிருந்தது.
பதினெட்டு: மூன்று அங்குலம் அறுபத்திரண்டு.
பத்தொன்பது: ஐந்து அங்குலம் பத்து.
இருபது: கோடு.
இருபத்தொன்று: கோடு.
இருபத்திரண்டு: கோடு.
இருபத்துமூன்று: சுழி. வால் வைத்த சுழி.

காலை எட்டரைக்குத்தான் அளப்பார்கள்.
ராத்திரி பெய்தது மறுநாள் கணக்கு.
ஆக, இருபதின் கோடு பத்தொன்பதின் இரவு.
மூன்று கோடும் அந்தச் சுழியும்
ஒரே மை, ஒரே சாய்வு.
இருபத்துமூன்றாம் தேதி வந்து
முதலில் கோடுகளைப் போட்டிருக்கிறார்.
எங்கிருந்து வந்தார் என்று எழுத ஏட்டில் கட்டம் இல்லை.

கணினி கோட்டை ஏற்க மறுக்கிறது.
எண் கொடு என்கிறது.
சுழி போட்டால்
அந்த மூன்று நாளும் வெயில்;
இந்த வருஷம் ஜெயிக்கிறது.
காலியாய் விட்டால்
அந்த மாதமே செல்லாது;
அப்போதும் இந்த வருஷம்தான் ஜெயிக்கிறது.

நாலு மணிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து ஒரு போன்.
கலியபெருமாள். சம்பா அறுக்க இருந்தது,
கதிரிலேயே முளைத்துவிட்டது.
காப்பீட்டுக்காரர்கள் மழையளவு கேட்கிறார்களாம்.
"எங்க ஊர்ல மானி இல்லீங்க.
அண்டாவைத் தூக்கி வெளிய வச்சேன். ரொம்பிடுச்சி.
அது எத்தனை மில்லி?"
வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றா என்று கேட்டேன்.
அளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னார்:
"வயிறு கொஞ்சம் உப்பினதும்மா."
வயிறு உப்பினதற்கு என்னிடம் வாய்ப்பாடு இல்லை.
பதினாலு கிலோமீட்டர் தள்ளி
தாலுகா ஆபீஸ் மாடியில் பெய்த எண்ணை
அவருக்குப் படித்துக் காட்டினேன்.
"அது அங்க பெஞ்சதுங்க" என்றார்.
கோபமாய்க்கூட இல்லை.

டிவிக்காரருக்கு,
"எழுதிவைக்கப்பட்ட மழைகளில் இதுவே அதிகம்" என்றேன்.
நீளமாய் இருக்கிறது என்றார்.
கீழே ஓடும் வரியில்
அதற்குள் நூறு ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.
பாலத்தில் விடுகிறார்களா தெரியவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் தட்டச்சு செய்தேன்:
மூன்று நாள் பதிவு இல்லை. மழை இல்லை என்று பொருளல்ல.
இருபது எழுத்துக்கு மேல் அனுமதி இல்லை என்றது.
'மூன்று நாள் பதிவு இல்' என்று நின்றுவிட்டது.

சன்னலில் மறுபடி பிடித்துக்கொண்டது.
ஸ்கேலை எடுத்து அளந்தேன்.
முதல் கோடு ஏழு மில்லிமீட்டர்.
இரண்டாவதும் ஏழு.
மூன்றாவது பதினொன்று.
பக்கத்துக் கட்டம்வரை போயிருக்கிறது.
பேனாவை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை போல.