பதினொன்றரைக்கு மேல்

ஐந்து ரோட்டுக் கடையில்
இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார் நடேசகுமார்.
ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு.
உள்ளே இருப்பது பிஸ்கட்டைவிடச் சின்னது,
விலை என்னுடைய நாலு கல்யாணம்.

நான் கணக்கை அப்படித்தான் போடுவேன்.
ஒரு கல்யாணம் எடிட் செய்தால் எட்டாயிரம்,
ரிசப்ஷன் சேர்ந்தால் பத்து,
காதுகுத்து கணக்கில் வராது.

பாதிப் பணம் தஸ்லிமாவுடையது.
பகலெல்லாம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
கொலுசை கிராம் கிராமாய் எடைபோட்டுவிட்டு
ராத்திரி என் கம்ப்யூட்டரில் ஆள் சுடுகிறவள்.
அஸ்தம்பட்டியில் எங்களுக்கு
ஒரே அறை, ஒரே மேசை.

"கேமா, எடிட்டிங்கா? ஒண்ணைச் சொல்லுங்க."
"ரெண்டும்" என்றோம் ஒரே நேரத்தில்.
சண்டைபோட்ட சம்பந்திகளை
ஒரே பந்தியில் உட்காரவைக்கச் சொன்னதுபோல்
அவர் முகம் ஆனது.

ஆரஞ்சில் கேஷ் பெரிது.
கேட்டதைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருக்கும்,
எதிரி சுவர் திரும்பும்போது படம் திக்காது.
தஸ்லிமாவின் விரல் அந்தப் பெட்டியை
எடைபார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தது.

நீலத்தில் கோர் இருபது:
எட்டுப் பெருந்தலைகள், பன்னிரண்டு எடுபிடிகள்.
கல்யாண வீடேதான்.
"ஆனா சூடாகும்" என்றார் குரலைத் தாழ்த்தி,
பெண்ணுக்குக் கொஞ்சம் கோபம் வரும் என்று
தரகர் சொல்வதுபோல.

சூடு.
எங்கள் தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
மே மாதம் மெழுகுவர்த்தி ஏற்றாமலே வளையும்.
ஏற்காடு ஜன்னலில் தெரியும்,
காற்று மட்டும் இறங்கி வராது.

யோசிக்கிறோம் என்று வெளியே வந்து
தட்டுவடை செட் வாங்கினோம்.
"ரெண்டு வருஷமா நான் செத்ததெல்லாம்
உன் கம்ப்யூட்டராலதான்."
"ஓமலூர் வீடியோ போறதுக்குள்ள
அந்தப் பொண்ணுக்கு ஏழாம் மாசம்டி."
சிரித்ததில் பீட்ரூட் துருவல் துப்பட்டாவில்.

நீலமே வாங்கினோம்.
பெரிய கூலர் அவள் காசு.
பில்லின் பின்பக்கம் ஒப்பந்தம்:
பதினொன்றரைக்கு மேல் மேசை அவளுக்கு.

முதல் ராத்திரியே மீறினேன்.
பதினொன்று நாற்பது, ரெண்டரிங் அறுபத்துமூன்று சதவீதம்.
பதினாலாவது கொண்டை ஊசியில் ஏறும் பஸ்ஸாக
விசிறி முனகுகிறது.
ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கட்டில் ஓரத்திலிருந்து தஸ்லிமா
யாரோ ஒருத்தியின் கல்யாணம்
ஃப்ரேம் ஃப்ரேமாக வேகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு யாரைப் பாக்குது?"

நாலு நாள் வெட்டி ஒட்டிய எனக்குத் தெரியவில்லை.
சுவரோரம் பதுங்கியவனைக் கண்டுபிடிக்கும் கண்
பார்த்துவிட்டது.
மாலை மாற்றும்போது மணப்பெண்ணின் பார்வை
மண்டபத்துக் கடைசி வரிசைக்குப் போகிறது.
அங்கே எல்லோரும் நிறுத்திய பிறகும்
கைதட்டிக்கொண்டிருக்கிறாள் ஒரு சிநேகிதி.
நான் அந்த இடத்தில்தான் வெட்டியிருந்தேன்.

எழுபத்தொன்றில் நிறுத்தினேன்.
இரண்டு நொடியை நீட்டினேன்.
மறுபடி பூஜ்யத்திலிருந்து.

ஒப்பந்தத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தன் பக்கம் இருந்த டேபிள் ஃபேனை
கேபினெட் பக்கம் திருப்பி வைத்தாள்.