கொண்டல்

தென்றலை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.
வாடை சும்மா கிடந்தது,
மூக்கைப் பொத்துவார்கள் என்று நானும் விட்டேன்.
கோடைக்கு எவனோ நாற்பதாயிரம் கேட்டான்.
மிஞ்சியது கொண்டல்,
முதல் வருஷத்துக்கு எழுநூற்று முப்பது ரூபாய்.
பணகுடியில் அடிப்பதோ மேல்காற்று.
இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காத காற்றின் பெயரில்
என் கம்பெனியைத் தொடங்கினேன்.

கம்பெனி என்றால்
பேட்டரிக் கடை மாடியில் ஓர் அறை,
தவணை முடியாத லேப்டாப்,
இன்வெர்ட்டர், இரண்டு சிம்,
பாஸ்வேர்டுகள் எழுதிய நாற்பது பக்க நோட்டு.
அதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாது என்பதைப்
பிறகுதான் படித்தேன்.

சர்வரைப் பார்க்க வேண்டும் என்று
கடைக்காரர் ஒருநாள் ஏறி வந்தார்.
வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.
ஃபேன். நாற்காலி. ஜன்னல் நிறையக் காற்றாலை.
"மும்பையில இருக்கு அண்ணாச்சி."
"அப்பம் நீ இங்கன இருந்து என்னத்தப் பாக்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கிறிஸ்டிலீலாவிடம் இருந்தது.
பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவள்,
என் முதல் கஸ்டமர்.
மொத்தமாய் ஓர் இடத்தை வாடகைக்குப் பிடித்து
கூறு போட்டு வாடகைக்கு விடுகிறேன் என்று
உள்ளதைச் சொல்லிவிட்டேன்.
சிரித்தாள்.
"எங்கிட்ட உள்ள பெரிய அண்டா நாலும் வள்ளியூர் அண்டாதான்.
கல்யாண வீட்டுக்காரன் அண்டா யாருதுன்னா கேக்கான்?
சோறு வெந்துச்சான்னுதான் கேப்பான்."
மாதம் நூற்றைம்பது என்று பேசி
நூற்றிருபது தந்தாள்.

ஆறு மாதத்தில் பதினேழு பேர்.
ராதாபுரத்து டிரைவிங் ஸ்கூல்,
திசையன்விளையிலிருந்து முருங்கை ஏற்றுமதி,
களக்காட்டு வாழை மண்டி,
ஒரு ஜெபக்கூட்டம், ஒரு நாய்ப் பண்ணை,
கவிதை எழுதும் மாட்டு டாக்டர் ஒருவர்.

ஆடிக் காற்று ஓட்டை உலுக்கிய ஒரு ராத்திரி
இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது.
பழைய குப்பையை அழிக்க உட்கார்ந்தேன்.
அழி என்று அடித்து
எதை என்று அடித்து முடிக்குமுன்
சுண்டுவிரல் என்டரில் இறங்கியது.
பதினேழும் போயின.

பேக்கப் இருந்தது.
ஞாயிறுதோறும் தவறாமல் எடுத்தது.
ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.
பதினொரு ஞாயிறு, பதினொரு கோப்பு,
ஒவ்வொன்றின் அளவும் பூஜ்யம்.

மும்பைக்காரனிடம் நாலு நாள் பழைய நகல் ஒன்று கிடந்தது.
இரண்டாயிரத்து முந்நூறு கட்டி வாங்கினேன்.
விடிந்ததும் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு
நான்தான் அழித்தேன் என்றேன்.
மும்பை என்று சொல்லியிருக்கலாம். காற்று என்றும்.
டிரைவிங் ஸ்கூல்காரர் கெட்ட வார்த்தை சொல்லிப் பிரிந்துபோனார்.
நாய்ப் பண்ணைக்கு
வெப்சைட் இருப்பதே மறந்திருந்தது.
நாலு கவிதை போச்சா என்று கேட்ட டாக்டர்
கொஞ்சநேரம் பேசவில்லை.
"போட்டும். ரெண்டு சுமார்தான்."

கிறிஸ்டிலீலாவுக்கு ரெண்டு புக்கிங் வந்திருந்தது அந்த நாலு நாளில்.
"எட்டாந்தேதி. ரெண்டும் எட்டாந்தேதி.
ஊரப் பாத்தேன், மனசுல நிக்கல."
அதற்குமேல் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

எட்டாம் தேதிக்கு வேறு ஆள் கேட்டும் அவள் கொடுக்கவில்லை.
ஏழாம் தேதி நானும் போய்
புளி போட்டு அண்டா தேய்த்தேன்.
ஓட்டை இருக்கிறதா என்று
ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள்.
லோடு ஆட்டோ ரெண்டு நின்றன, டிரைவர்கள் தூங்கினார்கள்,
எந்தத் திசைக்கு என்று தெரியாமல்.

மூணே முக்காலுக்கு ஒரு போன்.
"அக்கா, லெவிஞ்சிபுரம் கல்யாண வீடு. சாமான் கெளம்பிட்டா?"
"கெளம்பிட்டு, கெளம்பிட்டு" என்று ஓடினாள்.

மற்ற ஆட்டோ இருட்டும்வரை நின்றது.
அந்தக் கல்யாணம் எந்த ஊரில் நடந்ததோ,
யார் அண்டாவில் சோறு வெந்ததோ.
அந்த வாடகையை நான் கொடுத்தேன்.
பாதியைத் திருப்பித் தந்துவிட்டாள்.